டிராவல்ஸ் ஆபீசுக்கு எதிரே ஓர் இட்லிக் கடை

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சமூகவியல் ஆய்வு மாணவியாக இருந்தேன். ஊர் கிணத்துக்கடவுப் பக்கம். தென்னந்தோப்பு உள்ள குடும்பம். எங்கள் பக்கத்துப் பெண்கள் மாப்பிள்ளை அமையும்வரை படிப்பார்கள், அமைந்ததும் நிறுத்திவிடுவார்கள். நான் எம்.ஏ.வையும் தாண்டிப் போனது அப்பாவுக்குப் பெருமையா தொந்தரவா என்று அவருக்கே தெரியவில்லை. கேட்பவர்களிடம், "புள்ள டாக்டருக்குப் படிக்குதுங்க" என்பார். "ஊசி போடற டாக்டருங்களா?" என்று அடுத்த கேள்வி வந்தால் தேங்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. தலைப்பில் 'குற்றம்' என்ற சொல்லைப் போட்டிருந்தேன். என் கைடு, மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு அந்தச் சொல்லின்மேல் பென்சிலை வைத்துத் தட்டினார்.

"இது என்னம்மா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி? இடப்பெயர்வுன்னு போடு. அழகா இருக்கும். யாருக்கும் சங்கடமில்லை."

"அவங்க தானா இடம்பெயரலைங்க சார். பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறாங்க. போன இடத்துல பாஸ்போர்ட்டப் புடுங்கி வச்சுக்கறாங்க."

"அதெல்லாம் உள்ள எழுதிக்கோ. தலைப்புல வேண்டாம்."

நான் மாற்றவில்லை. பதிவுக்கு அனுப்பும் கடைசி நாள் வரை அந்த விண்ணப்பம் அவர் மேஜையில் கிடந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டார், "பின்னால கஷ்டப்படுவே" என்ற ஆசியோடு.

அப்போது ஊரில் மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. காலையில் சங்கு ஊதுவது நின்றுபோன ஒரு மில்லின் பின்புறம், தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகள் இருந்தன. ஆண்கள் கிடைத்த கூலிக்குப் போக, அந்த வீடுகளின் பெண்கள் சிலர் வெளிநாடு போயிருந்தார்கள். போய்த் திரும்பியவர்களில் ஒருவரைப் பார்க்கத்தான் முதல்முறை அங்கே போனேன். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்தவர். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். புருஷன் இல்லை. ஒரு மகள், தங்கை வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். லைனுக்கு முன்னால் தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் கூப்பிட்டு, இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, தான் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் எந்த ஊர், எந்த வகையறா என்றெல்லாம் விசாரித்தார். சொன்னேன். முகத்தில் எதுவும் காட்டாமல் தலையை ஆட்டினார். எங்கள் ஆட்களின் தோட்டங்களில்தான் அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் வேலை செய்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"எழுதி என்ன பண்ணுவீங்க அம்மணி?"

"புத்தகமா வருமுங்க அக்கா. படிக்கறவங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"படிக்கறவங்க ஆரும் என்னையக் கூட்டிட்டுப் போய்த் தள்ளலீங்க. கூட்டிட்டுப் போனவன் படிப்பானா?"

அவரே சிரித்துவிட்டு, "செரி, எழுதுங்க. வாயி சும்மாதான இருக்குது" என்று ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் துணி தைக்கும் வேலை என்று சொல்லித்தான் காந்திபுரத்து டிராவல்ஸ் ஆபீசில் அனுப்பியிருக்கிறார்கள். பம்பாயில் ஒருத்தன் விமானம் ஏற்றிவிட்டான். இறங்கிய இடத்தில் இன்னொருத்தன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனான். அந்த வீட்டைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சில மாதம் கழித்து வேறொரு வீட்டுக்கு மாற்றினார்கள். "மாத்துனாங்கன்னா வித்துப்போட்டாங்க கண்ணு, வேற என்ன சொல்றது அதுக்கு" என்றார். சட்டையில் சுருக்கம் விழுந்தது என்று அந்த இரண்டாவது வீட்டில் இஸ்திரிப் பெட்டியை முன்கையில் வைத்தார்கள். ஜாக்கெட் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முக்கோண வடிவம் அப்படியே பதிந்திருந்தது.

ஒரு நாள் குப்பை போடக் கதவைத் திறந்தபோது வெளியே போய் ஓட்டமெடுத்திருக்கிறார். மொழி தெரியாது. வழி கேட்டுக் கேட்டு நம் நாட்டுத் தூதரகத்தின் வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகச் சொன்னபோதெல்லாம் தமிழில் சத்தம் போட்டிருக்கிறார். கடைசியில் காகிதம் இல்லாதவள் என்று ஜெயிலில் கொஞ்ச காலம் வைத்திருந்து விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தார். மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்.

"அங்க நடந்ததுக்கு இங்க எப்படிம்மா கேஸ் போடறதுங்கறாங்க. பம்பாய்ல போய்க் குடுங்கறாங்க. நான் இங்கிருந்துதான போனேன்?"

என் ஆய்வின் மையம் அந்தக் கேள்விதான். இந்தக் குற்றத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஊருக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். கோயம்புத்தூரில் பார்த்தால் அது விசா எடுத்துக் கொடுக்கும் தொழில். பம்பாயில் பாஸ்போர்ட்டில் விழும் வெறும் முத்திரை. அந்த நாட்டிலோ முதலாளி வீட்டுச் சமாச்சாரம், வெளியார் தலையிட முடியாது. எந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாலும் குற்றமாகத் தெரியாது. எல்லாத் துண்டுகளும் ஒன்றாக இருந்த இடம் அந்தப் பெண்களின் உடம்பு மட்டும்தான்.

ஆய்வு முறைப்படி பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மறைத்து எண் கொடுக்க வேண்டும். ஏஜெண்டின் பெயரையும் போடக்கூடாது. அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ற பேர எதுக்கு மறைக்கோணும்? நான் திருடுனனா? அவன் பேரப் போட முடியாதுன்னா என்ற பேரையாவது போடுங்க."

"உங்களுக்கு ஆபத்து வரக்கூடாதுன்னுதானுங்க அக்கா."

"வர்ற ஆபத்தெல்லாம் ஏற்கெனவே வந்தாச்சு."

எண்தான் கொடுத்தேன். ஆனால் நன்றி சொல்லும் பக்கத்தில், கைடின் பெயருக்கும் என் அப்பா பெயருக்கும் முன்னால், முதல் வரியில் அவர் பெயரைத் தட்டச்சு செய்தேன். இங்கே எழுதாததற்குக் காரணம் அவருடைய மகள். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அந்த டிராவல்ஸ் ஆபீஸ் யாருடையது என்று விசாரித்தபோது எனக்கு ஒரு அதிர்ச்சி. என் சித்தப்பா பையனுக்குப் பெண் கொடுத்தவர். எனக்கு மாமா முறை. கோயில் திருப்பணியென்றால் கல்வெட்டில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். நான் லைன் வீடுகளுக்குப் போய்வருவது அவர் காதுக்கும் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் காரில் ஆப்பிள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மணி என்னமோ வெளிநாட்டுச் சமாச்சாரமெல்லாம் எழுதுதாட்ட இருக்குதுங்க?"

"ஆமாங்க மாமா."

"நல்லதுங்க. படிச்ச புள்ளைக எழுதாம வேற ஆரு எழுதறது." அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஆனா பாருங்க சம்பந்தி, அந்த மில்லு லைனுப் பக்கமெல்லாம் நம்மூட்டுப் புள்ளைக தனியாப் போய்ட்டு வர்றது... ரோட்டுல லாரியெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம ஓடுதுங்க. மனசு கேக்கல, அதுக்குத்தான் சொல்றனுங்க."

எங்கள் பேச்சில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. அன்றைக்குத்தான் அந்த மரியாதையின் உள்ளே என்ன வைத்தும் கொடுக்கலாம் என்று கண்டேன். ஒவ்வொரு 'ங்க'வும் ஒரு விரல் மாதிரி என் கழுத்தில் பட்டது.

"நான் பஸ்ஸுலதானுங்க மாமா போறேன்" என்றேன். "லாரிக்காரங்க பஸ்ஸுன்னா ஒதுங்கித்தானுங்க போவாங்க."

"அம்மணிக்கு வாய் நல்லா இருக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

கார் போனபிறகு அப்பா இளநீர்க் கூடுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். பிறகு கேட்டார்.

"பொம்பளைகள அனுப்பறது இவருதானா?"

"ஆமாங்கப்பா."

"நெசமாலுமே அடிக்கிறாங்களா?"

"இஸ்திரிப் பெட்டியில சுட்டிருக்காங்க. நான் கையப் பார்த்தேன்."

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒறம்பரை சொந்தத்தப் பகைச்சுட்டு ஊருக்குள்ள இருக்கறது லேசில்ல கண்ணு. உனக்கும் ஒரு எடம் பேசிட்டிருக்கறோம். விட்டுப்போடு."

"விடமாட்டனுங்கப்பா."

அதுவரை அப்பாவிடம் நான் எதற்கும் அப்படிச் சொன்னதில்லை. அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அந்த வாரமே நான் கல்லூரி விடுதிக்கு வந்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்த இடம் நின்றுபோயிற்று. அடுத்து வந்த இடமும் நின்றது. காரணம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. எனக்கு வலிக்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். வலித்தது. ஆனால் அந்த வலியை வைத்து என்னைத் திருப்பிவிடலாம் என்று மாமாவின் ஆட்கள் போட்ட கணக்கு எனக்கு அதைவிட எரிச்சலாக இருந்தது.

என்னைத் திருப்ப முடியாதபோது அந்த அக்காவிடம் போனார்கள். காலை வியாபார நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் தள்ளுவண்டியை உதைத்துக் கவிழ்த்துவிட்டார்கள். "எவளோ கேக்கறாள்னு கண்டதையும் உளறுவியா?" என்று கத்திவிட்டுப் போனார்களாம். நான் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது சாம்பார் ரோட்டில் ஓடிக் காய்ந்திருந்தது. அவர் நசுங்கிய இட்லிப் பானையைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் இனி வரலீங்க. உங்க பேட்டிய எடுத்துடறேன்" என்றேன்.

பானையைத் தட்டுவதை நிறுத்தினார்.

"எடுத்தீங்கன்னா உங்ககூடப் பேசறதயே உட்டுருவேன். நாளைக்கு வெடியால வாங்க. வண்டியத் தள்ள ஆளு வேணும்."

"எங்கீங்க?"

"அவன் ஆபீசுக்கு."

மறுநாள் தெரிந்தவர் டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு காந்திபுரம் போனோம். இறக்கி, நானும் அவரும் தள்ளிக்கொண்டு அந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தோம். டிராவல்ஸ் ஆபீசின் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், வண்டியை நிறுத்தி ஸ்டவ்வைப் பற்றவைத்தார். ஆபீஸ் திறக்கும்போது முதல் ஈடு இட்லி வெந்திருந்தது.

"இங்க வர்ற பொம்பளைக அத்தனை பேரும் என்னையத் தாண்டித்தான் போகோணும்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. ஊருக்கு வெளியிலிருந்து பெண்கள் பஸ் பிடித்துக் காலையிலேயே வந்துவிடுவார்கள். பசியோடு நிற்பார்கள். கையில் போட்டோவும் ரேஷன் கார்டும் இருக்கும்.

"வெளிநாட்டுக்கா கண்ணு? சாப்ட்டுப் போ. சாப்டறதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போ."

ஜாக்கெட் கையைச் சுருட்டுவார். அழமாட்டார். சட்னி ஊற்றும் அதே குரலில் சொல்லுவார். சிலர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்கள். எல்லோரும் திரும்பவில்லை. ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், அக்காவின் கைத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தெரிஞ்சேதானுங்கக்கா போறேன். இங்க இருந்தா மட்டும் என்னைய ஆரு அடிக்காம இருக்கறாங்க?"

அவளிடம் போகாதே என்று அவர் மறுபடி சொல்லவில்லை. "அப்ப பாஸ்போர்ட்ட ஆருகிட்டயும் குடுக்காத. கேட்டா ஒளிச்சுப்போடு. எறங்குன ஒடனே நம்ம தூதரகம் எங்கன்னு நாலு பேர்கிட்டக் கேட்டு வெச்சுக்க" என்று சொல்லி அனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்ட அன்றைக்கு, என் முன்னுரையில் 'அறியாமையால் ஏமாறும் பெண்கள்' என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு அந்த இயலையே வேறாக எழுத ஆரம்பித்தேன்.

அந்தக் கடையில் எனக்குத் தனி மரியாதை எதுவும் இருக்கவில்லை. கூட்டம் சேர்ந்தால், "எந்திரீங்க அம்மணி, சாப்பிடறவங்களுக்குத்தான் பெஞ்சு" என்பார். எழுந்து நின்றுகொண்டு எழுதுவேன். ஆள் இல்லாத நாளில் தட்டும் கழுவினேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் போய் அப்பாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும் என்று இருந்தேன்.

மாமா முதலில் ஆளனுப்பி, வேறு நல்ல இடம் பிடித்துத் தருவதாகச் சொன்னார். பிறகு நடைபாதையை அடைக்கிறது என்று கார்ப்பரேஷன்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அக்கா இட்லியை அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு வந்து அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தார். வண்டி திரும்பி வந்தபிறகும் அந்தக் கூடையைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். "இதைய எப்பிடித் தூக்குவாங்க பாக்கலாம்" என்பார்.

ஆய்வேடு எழுதி முடித்தேன். கைடு எல்லாவற்றையும் படித்துவிட்டு ஏஜெண்டுகளைப் பற்றிய இயலை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது இல்லாமக் கட்டு. கையெழுத்துப் போடறேன்."

"அது இல்லாமக் கட்டறதா இருந்தா எனக்குப் பட்டமே வேண்டாங்க சார்."

பல வாரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டு அனுப்பினார். முகம் சிவந்திருந்தது. மாமா யாரையோ பிடித்து அவருக்குப் போன் செய்யவைத்திருக்கிறார். எந்த இயலை எடுக்க வேண்டும், தலைப்பை எப்படி மாற்ற வேண்டும் என்றெல்லாம் அந்த ஆள் போனில் சொல்லியிருக்கிறார்.

"எனக்கே தலைப்புச் சொல்லித் தர்றானாம்மா! இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒருத்தன் தலைப்புச் சொல்லித் தர்றதா?"

பேனாவைத் திறந்து போட்ட கையெழுத்தில் காகிதம் கிழியாதது அதிசயம். நான் பேசிப் பேசி நடக்காததை அந்த ஒரு போன் நடத்திவிட்டது. நியாயத்துக்காகவோ கோபத்துக்காகவோ, கையெழுத்து கையெழுத்துதான். வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். வழக்கமாகத் துறை மாணவர்கள் தேநீருக்காக வருவார்கள். என் தேர்வுக்கு லைன் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அக்கா அன்று கடை போடவில்லை. பின்வரிசை முழுக்க அவர்கள். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் மாமா.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு, அதையே தமிழிலும் சொன்னேன். "தமிழ் தேவையில்லை" என்றார். "பின்னால இருக்கறவங்களப் பத்தித்தான் சார் பேசறோம். அவங்களுக்குப் புரியணும்" என்றேன். கைடு தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

கடைசியில் பொதுமக்கள் கேட்கலாம் என்றார்கள். மாமா எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டில் பேசிய அதே பதவிசோடு கேட்டார்.

"அம்மணி நல்லா எழுதியிருக்குதுங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க. ஏஜெண்டு, ஏஜெண்டுன்னு பூராம் எழுதியிருக்குது. பேரே இல்லீங்களே. ஆருங்க அந்த ஏஜெண்டு? இருந்தாச் சொல்லலாமுங்களே."

நான் பெயர் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் ஆய்வு நெறியை மீறினேன் என்று பட்டம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் கற்பனை என்று ஆகிவிடும். அதை யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பின்வரிசையைப் பார்த்தேன். அக்கா ஜாக்கெட் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆய்வு முறைப்படி நான் யாரு பேரையும் சொல்ல முடியாதுங்க மாமா" என்றேன். "ஆனா ஒண்ணுங்க. இந்த ஹால்ல இத்தனை பேரு இருக்காங்க. அந்த ஏஜெண்டு ஆருன்னு எந்திரிச்சுக் கேட்டது நீங்க ஒருத்தர்தானுங்க."

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். அடுத்து எல்லோரும் சிரித்தார்கள். மில் ஓடும்போது அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். அவர்கள் சிரித்தால் கட்டடம் அதிரும். மாமா கட்டிய கையை அவிழ்த்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் வழக்கம்போல, "செரிங்க, செரிங்க" என்றபடி உட்கார்ந்தார். கூட்டம் முடிவதற்குள் போய்விட்டார்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. மாமா ஜெயிலுக்குப் போகவில்லை. அக்காவும் இன்னும் சில பெண்களும் ஆய்வேட்டின் நகலை எடுத்துக்கொண்டு போய், இந்த முறை ஸ்டேஷனை விட்டு நகராமல் உட்கார்ந்து புகார் பதியவைத்தார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போய்ச் போதிய சாட்சி இல்லையென்று அடங்கிவிட்டது. அந்த ஆபீஸ் மட்டும் ஷட்டரை இறக்கியது. வேறு ஊரில் வேறு பெயரில் திறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நல்லவர்கள் ஜெயித்தார்கள் என்று முடிக்க நான் தயாரில்லை, ஜெயிக்கவில்லை. பயப்படவும் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளூரில் எந்தக் கல்லூரியிலும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. நேர்முகத் தேர்வில் என் தலைப்பைப் படித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வேறு மாவட்டத்தில் சேர்ந்தேன். அப்பா ஒரு முறை அங்கே வந்தார். என் மேஜையிலிருந்த ஆய்வேட்டைத் திறந்து, ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இத்தனையுமா எழுதுன?" என்று மட்டும் கேட்டார்.

தொண்ணூறுகள் முடியும் சமயம், நான் படித்த கல்லூரியின் நூலகரிடமிருந்து போன் வந்தது. நூலகத்தில் வைத்திருந்த என் ஆய்வேட்டிலிருந்து ஏஜெண்டுகளைப் பற்றிய இயலை மட்டும் யாரோ பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் அந்த இயலை ஜெராக்ஸ் எடுத்து, கோயம்புத்தூர் போய், பைண்டிங் கடையில் நின்று மறுபடி சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். அடுத்த வருடம் மறுபடி அறுத்தார்கள். மறுபடி கொடுத்தேன். இப்போது என் அலமாரியில் அந்த இயலின் நகல்கள் மட்டும் ஒரு கட்டாகத் தயாராக இருக்கின்றன.